இரண்டு ஹார்ட் டிஸ்குகளை ரெய்டு 0 முறையில் இணைத்தால் வீட்டுக் கணினி வேகமாகுமா?

கேள்வி: அம்மாபேட்டை ஒளி

அனைவருக்கும் வணக்கம். நான் சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறேன். முகூர்த்த நாட்களில் திருமண வீடியோ எடுத்து, வீட்டில் இருக்கும் கணினியிலேயே எடிட் செய்து கொடுக்கிறேன். அதே கணினியில்தான் தங்கை கல்லூரிக்கான வேலைகளைச் செய்கிறாள். அப்பா நூல் வரவையும் கூலிக் கணக்கையும் எழுதி வைக்கிறார். ஆகவே நாள் முழுவதும் யாராவது ஒருவருக்கு அது தேவைப்படுகிறது.

சில மாதங்களாகக் கணினி மிகவும் மெதுவாகிவிட்டது. ஸ்விட்சைப் போட்டு விண்டோஸ் திரை வந்த பிறகும் நான்கைந்து நிமிடங்களுக்கு எதைத் தொட்டாலும் அசைவதில்லை. பிரவுசரைத் திறந்தால் வெள்ளைத் திரையே நெடுநேரம் நிற்கிறது. மூன்று கேமராக் காட்சிகளை எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் அடுக்கி ஓட்டினால் படம் விட்டுவிட்டு ஓடுகிறது. உள்ளே 7200 ஆர்பிஎம் வேகத்தில் சுழலும் 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான் இருக்கிறது. விண்டோஸ், மென்பொருள்கள், வாடிக்கையாளர்களின் வீடியோக்கள் எல்லாம் அதிலேயே உள்ளன.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் விசாரித்தபோது, இதே அளவில் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி இரண்டையும் ஒரே டிஸ்க் போல இயங்கவைக்கும் ரெய்டு 0 முறையில் இணைத்தால் வேகம் இரண்டு மடங்காகிவிடும் என்றார்கள். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க்) போடலாமா என்று கேட்டதற்கு, வீடியோ வேலைக்கு அதன் கொள்ளளவு கட்டுப்படியாகாது என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னபடி செய்தால் விண்டோஸ் திறக்கும் நேரம் உண்மையிலேயே பாதியாகக் குறையுமா? டைம்லைன் சீராக ஓடுமா? ஆல்பமும் வீடியோவும் கொடுத்து முடிக்கும்வரை வாடிக்கையாளரின் மூலக் கோப்புகள் என் பொறுப்பில் இருக்கின்றன என்பதால், அவை பாதுகாப்பாக இருக்குமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில்: சேர்வராயன் மலை (ஏற்காடு)

வணக்கம் தம்பி. கடையில் சொன்ன கணக்கில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ஹார்ட் டிஸ்க்கின் வேகம் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு தனித்தனி வேகங்கள் இருக்கின்றன. ரெய்டு 0 அவற்றில் ஒன்றைத்தான் கூட்டும். உங்கள் கணினி மற்றொன்றுக்காகக் காத்துக் கிடக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரெய்டு 0 முறையில் ஒரு கோப்பு 64 கேபி, 128 கேபி என ஒரே அளவுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, முதல் துண்டு முதல் டிஸ்கிலும் அடுத்த துண்டு இரண்டாவது டிஸ்கிலும் என மாறி மாறி எழுதப்படுகிறது. ஒரு பெரிய வீடியோக் கோப்பைத் தொடக்கம் முதல் முடிவுவரை தொடர்ச்சியாகப் படிக்கும்போது இரண்டு டிஸ்குகளும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால், தனியாக நொடிக்கு 150 எம்பி தரக்கூடிய டிஸ்குகள் சேர்ந்து ஏறக்குறைய 300 எம்பி தரும். கடைக்காரர் சொன்ன இரண்டு மடங்கு இதுதான்.

விண்டோஸ் திறக்கும்போது நடப்பது வேறு. அப்போது படிக்கப்படுபவை டிஸ்க்கின் பல மூலைகளில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். ஒவ்வொரு முறையும் படிக்கும் தலை உரிய தடத்துக்கு நகர வேண்டும். அதற்குச் சராசரியாக 8 அல்லது 9 மில்லிநொடி ஆகும். பிறகு வேண்டிய இடம் சுழன்று தலைக்குக் கீழே வந்து சேர வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும் என்பதால் இன்னும் 4.17 மில்லிநொடி. இரண்டையும் கூட்டினால் ஒரு சிறு கோப்பை எட்டுவதற்கே 13 மில்லிநொடி செலவாகிறது. ஒரு நொடியில் 75 முறைக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே அப்படி ஓட முடியும். ஒவ்வொரு முறையும் 4 கேபி படித்தால் நொடிக்கு 300 கேபிதான் கைக்கு வரும். பெரிய கோப்பை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் கொட்டும் அதே டிஸ்க், சிறு கோப்புகளில் அதில் ஐந்நூறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது.

இங்கே இரண்டாவது டிஸ்கைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 4 கேபி அளவுள்ள கோப்பு ஒரு துண்டுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் அது ஏதாவது ஒரு டிஸ்கில் மட்டுமே இருக்கும். மற்ற டிஸ்க் அதற்கு எந்த உதவியும் செய்ய முடியாது. 13 மில்லிநொடி அப்படியே நிற்கும். ஒரே சமயத்தில் பல கோரிக்கைகள் வரிசையில் நின்றால் அவை இரண்டு டிஸ்குகளுக்கும் பங்கிடப்படும் என்பதால் ஓரளவு பலன் கிடைக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் பாதிக் கோப்பு இதிலும் பாதி அதிலுமாக இருந்தால், இரண்டு தலைகளும் உரிய இடத்துக்கு வந்து சேரும்வரை வேலை முடியாது. இரண்டு டிஸ்குகளும் ஒன்றோடொன்று இசைந்து சுழல்வதில்லை. ஆகவே இரண்டில் பிந்தி வருவதற்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்குச் சுற்றாக, அதாவது 5.56 மில்லிநொடியாக உயர்கிறது. வேகத்துக்காகச் சேர்த்த டிஸ்க் இந்த இடத்தில் சிறிது தாமதத்தையே கூட்டுகிறது.

எஸ்எஸ்டியில் நகரும் தலையும் இல்லை, சுழலும் தட்டும் இல்லை. ஒரு சிறு கோப்பை எட்ட 0.1 மில்லிநொடி அளவில்தான் ஆகும். 13 எங்கே, 0.1 எங்கே! சாதாரண சாட்டா (டிஸ்கைக் கேபிளால் மதர்போர்டோடு இணைக்கும் முறை) எஸ்எஸ்டி ஒன்று கொடுக்கும் இந்த வித்தியாசத்தைப் பத்து ஹார்ட் டிஸ்குகளை வரிசையாக இணைத்தாலும் பெற முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் ரெய்டு பற்றிய கட்டுரையை வெளியிட்டபோது, விலை குறைந்த டிஸ்குகள் பலவற்றைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு தப்பும்படி செய்வதே அதன் சாரமாக இருந்தது. அதில் அவர்கள் வகுத்தவை ஒன்று முதல் ஐந்து வரையிலான நிலைகள். காப்பு எதுவும் இல்லாத இந்த முறைக்குச் சுழி என்ற எண் பின்னால் வழக்கில் வந்து சேர்ந்தது. அந்தச் சுழியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வாடிக்கையாளரின் கோப்புகளைப் பற்றி நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

மேற்கொண்டு சொல்வதற்கு முன் சில விவரங்கள் வேண்டும். மதர்போர்டின் சிப்செட் (அதில் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு) எது? ரேம் எவ்வளவு? கணினி தடுமாறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டிஸ்க் எத்தனை சதவீதம், நொடிக்கு எத்தனை எம்பி, சராசரிப் பதில் நேரம் எவ்வளவு என்று பாருங்கள். டைம்லைன் விட்டுவிட்டு ஓடும்போதும் அதே போலப் பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: அம்மாபேட்டை ஒளி

மிக்க நன்றி ஐயா. இவ்வளவு விளக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை. மதர்போர்டு எச்81 சிப்செட், நான்காம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், 8 ஜிபி டிடிஆர்3 ரேம், விண்டோஸ் 10 ஹோம். கணினி திறந்தவுடன் பார்த்தால் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கிறது. ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு 1 அல்லது 2 எம்பிதான். சராசரிப் பதில் நேரம் 250 முதல் 300 மில்லிநொடி வரை காட்டுகிறது. டைம்லைன் ஓடும்போது நிலைமை தலைகீழாக இருக்கிறது: ப்ராசஸர் 100 சதவீதத்தைத் தொடுகிறது, டிஸ்க் 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. மூன்று கேமராக்களில் இரண்டு நொடிக்கு 100 மெகாபிட் எச்.264 (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) கோப்புகளைத் தருகின்றன; மூன்றாவது 10 பிட் எச்.265.

பதில்: கணினி ஆய்வகம் (சூரமங்கலம்)

தம்பி, நீங்கள் கொடுத்திருக்கும் விவரங்களிலேயே உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. நான் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பராமரிக்கிறேன்; இதே எச்81 போர்டுகளைப் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன்.

எச்81 சிப்செட்டில் ரெய்டு வசதியே கிடையாது. பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) எங்கு தேடினாலும் அந்தத் தேர்வு வராது. தனியாக ரெய்டு கார்டு வாங்கிச் செருகலாம். அல்லது விண்டோஸைக் கொண்டே இணைக்கலாம். விண்டோஸில் டைனமிக் டிஸ்க் மூலம் ஸ்ட்ரைப் (ரெய்டு 0 போல மாறி மாறி எழுதுதல்) செய்யும் வசதி ஹோம் பதிப்பில் இல்லை. டிஸ்குகளை இணைக்கும் இன்னொரு வசதியான ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் ஹோம் பதிப்பிலும் உண்டு. ஆனால் இந்த இரண்டு வழிகளிலும் உருவாக்கிய இணைப்பிலிருந்து விண்டோஸைத் திறக்க முடியாது. விண்டோஸ் தனியாக வேறொரு டிஸ்கில்தான் இருக்க வேண்டும். ஆகவே கார்டு வாங்காமல், இரண்டு ஹார்ட் டிஸ்குகளை மட்டும் வைத்துக்கொண்டு விண்டோஸ் திறக்கும் நேரத்தைக் குறைக்கும் வழி உங்கள் கணினியில் இல்லை. கார்டு வாங்கிச் செய்தாலும் மலை ஐயா சொன்ன 13 மில்லிநொடி மாறப்போவதில்லை.

டிஸ்க் 100 சதவீதம் வேலை செய்தும் 1 எம்பிதான் வருகிறது என்றால், அது படிப்பதில் நேரத்தைச் செலவிடவில்லை, தலையை நகர்த்துவதில் செலவிடுகிறது என்று பொருள். வரிசையில் 20 கோரிக்கைகள் நின்றால் கடைசியாக நிற்பதற்கு 20-ஐ 13-ஆல் பெருக்கிய 260 மில்லிநொடி ஆகும். நீங்கள் பார்த்த எண்ணும் அதை ஒட்டியே இருக்கிறது.

டைம்லைனுக்கு வருவோம். நொடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 எம்பி. மூன்று கேமராக்களுக்கும் இதே அளவு என்று வைத்துக்கொண்டாலும் 37.5 எம்பிதான் தேவை; உங்கள் ஒற்றை டிஸ்கே அதைச் சுமக்கிறது. தடுமாறுவது ப்ராசஸர். எச்.265 கோப்பை வன்பொருளிலேயே முழுமையாக விரிக்கும் வசதி இன்டெலின் ஆறாம் தலைமுறையில்தான் வந்தது. 10 பிட்டுக்கு ஏழாம் தலைமுறை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உங்களிடம் இருப்பது நான்காம் தலைமுறை. கிராபிக்ஸ் கார்டும் தனியாக இல்லை என்றால் அந்த மூன்றாவது கேமராவின் ஒவ்வொரு பிரேமையும் ப்ராசஸரே பிரித்தெடுக்க வேண்டும். ரெய்டு போட்டாலும், எஸ்எஸ்டி போட்டாலும், இந்தத் தடுமாற்றம் அப்படியே இருக்கும். இதற்குப் பிராக்ஸிதான் (எடிட் செய்வதற்கு மட்டும் உருவாக்கும் சிறிய நகல்) தீர்வு. இரவில் படுக்கப் போகும் முன் மூன்று கேமராக் கோப்புகளுக்கும் சிறிய அளவில் பிராக்ஸி உருவாக்க விட்டுவிடுங்கள். காலையில் அதை வைத்து எடிட் செய்து, இறுதியில் மூலக் கோப்பிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

இனிப் பாதுகாப்பு. இதில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். ஒரு டிஸ்க் ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு 3 சதவீதம் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இரண்டில் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பு 5.91 சதவீதம், ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் இந்த எண்ணைவிட முக்கியமானது, பழுதான பிறகு என்ன மிஞ்சும் என்பது. தனி டிஸ்கில் சில செக்டர்கள் (தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்) கெட்டால் அந்த இடத்தில் இருந்த கோப்புகள் போகும். மற்றவற்றை நகலெடுத்துக் கொள்ளலாம். ரெய்டு 0 இணைப்பில் 24 எம்பி அளவுள்ள ஒரு ரா படம் (கேமராவின் மூலப் படம்) 64 கேபி வீதம் 384 துண்டுகளாகி, ஆளுக்கு 192 துண்டுகளாக இரண்டு டிஸ்குகளிலும் பிரிந்து கிடக்கும். ஒரு டிஸ்க் போய்விட்டால் மிஞ்சிய டிஸ்கில் இருப்பது ஒன்றுவிட்டு ஒன்றான துண்டுகள். அதிலிருந்து ஒரு முகத்தைக்கூட முழுமையாக மீட்க முடியாது. தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க முடியுமா? அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

பழைய டிஸ்க்கோடு புதிய டிஸ்க்கை இணைப்பதில் இன்னொரு இடரும் உண்டு. இணைப்பில் வேகமான டிஸ்க்கும் மெதுவான டிஸ்க்கின் வேகத்துக்கே இறங்கும். ஆயுளும் இரண்டில் முதலில் போகும் டிஸ்க்கின் ஆயுள்தான்.

பதில்: ஓமலூர் எடிட்டர்

மேலே இருவரும் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனாலும் ரெய்டு 0 என்றாலே ஒதுக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். நான் குறும்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் எடிட் செய்கிறேன். என் கணினியில் ரெய்டு 0 இருக்கிறது. அது தன் வேலையைச் செவ்வனே செய்கிறது.

கேமராவிலிருந்து வரும் கோப்புகளை நான் புரோரெஸ் 422 எச்க்யூ என்ற எடிட்டிங் வடிவத்துக்கு மாற்றித்தான் எடிட் செய்கிறேன். அந்த வடிவத்தில் ப்ராசஸருக்குச் சுமை குறைவு. ஆனால் கோப்பின் அளவு மிகப் பெரிது. 4கே காட்சி நொடிக்கு 25 பிரேம் என்றால் 737 மெகாபிட், அதாவது நொடிக்கு 92 எம்பி. மூன்று கோணங்களை ஒன்றாக ஓட்டினால் 276 எம்பி தேவைப்படுகிறது. ஒற்றை ஹார்ட் டிஸ்க்கால் இது முடியவே முடியாது. இரண்டு டிஸ்குகளை ஸ்ட்ரைப் செய்தால், புதிய வேகமான டிஸ்குகளாக இருக்கும் பட்சத்தில், முடிகிறது. இது தொடர்ச்சியாகப் படிக்கும் வேலை என்பதால் ரெய்டு 0-வின் பலம் முழுவதும் இங்கே பயன்படுகிறது. பல டிபி கோப்புகளை வைக்க அந்த அளவுக்கு எஸ்எஸ்டி வாங்குவது எனக்கு இன்றும் கட்டுப்படியாகவில்லை; கடையில் சொன்ன அந்த ஒரு காரணத்தில் நியாயம் இருக்கிறது.

ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் வெளித் தடங்களில் ஒரு சுற்றுக்குள் அதிகத் தரவு அடங்குகிறது, உள் தடங்களில் குறைவாக அடங்குகிறது. தொடக்கத்தில் நொடிக்கு 180 எம்பி தரும் டிஸ்க், நிரம்பும் தறுவாயில் ஏறக்குறைய அதில் பாதியே தரும். ஆகவே நான் இணைப்பின் முதல் பாதியை மட்டும் பார்ட்டிஷன் செய்து வேலைக்கு வைத்திருக்கிறேன். தலை நகரும் தூரமும் அதனால் குறைகிறது. நான் லினக்ஸில் எம்டிஏடிஎம் என்ற ரெய்டு மென்பொருள் மூலம் இணைத்திருக்கிறேன். அதில் துண்டின் அளவு இயல்பாகவே 512 கேபி, பெரிய வீடியோக் கோப்புகளுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

அந்த இணைப்பில் இருப்பவை எல்லாம் மாற்றப்பட்ட கோப்புகள் மட்டுமே. மூலக் கோப்புகள் வேறு இரண்டு தனி டிஸ்குகளில் ஒவ்வொரு நகலாக இருக்கின்றன. இரண்டு நகலையும் திறந்து பார்த்த பிறகே மெமரி கார்டை அழிப்பேன். நாளை காலை ஸ்ட்ரைப் முழுவதும் போனாலும் ஒரு நாள் மாற்றும் வேலைதான் எனக்கு நட்டம். இந்த ஏற்பாடு இல்லாதவர் ரெய்டு 0 பக்கம் வராமல் இருப்பதே நல்லது.

பதில்: சேர்வராயன் மலை (ஏற்காடு)

ஓமலூர் நண்பர் சொன்னது முற்றிலும் சரி. போனால் மறுபடி உருவாக்கிக்கொள்ளக் கூடிய பெரிய கோப்புகளுக்கு அது ஏற்ற இடம்.

தம்பியிடம் இன்னொரு கேள்வி. அம்மாபேட்டை என்றீர்கள், பக்கத்தில் விசைத்தறி ஓடுகிறதா? கணினிப் பெட்டி எங்கே இருக்கிறது? 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்கின் முன் நின்று உரக்கக் கத்தியே அதன் தாமதத்தை உயர்த்திக் காட்டினார். அதிர்வு வந்தால் தலை தடத்தைவிட்டுச் சற்று விலகும். டிஸ்க் அந்த இடத்தை மறுபடி எழுதவோ படிக்கவோ இன்னொரு சுற்று காத்திருக்கும். ஸ்ட்ரைப் செய்திருந்தால் ஒரு டிஸ்க் தடுமாறும்போது மற்றதும் அதற்காகக் காத்து நிற்கும். அதோடு, இரண்டு டிஸ்குகளை ஒட்டி ஒட்டி மாட்டினால் ஒன்றின் அதிர்வும் சூடும் மற்றதைப் பாதிக்கும். சித்திரை, வைகாசியில் சேலத்து வெயிலுக்கு இது சிறிய விஷயமல்ல. எத்தனை டிஸ்க் போட்டாலும் நடுவில் ஓர் இடம் விட்டு மாட்டி, எதிரே மின்விசிறி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளில் டிஸ்க் தன் நிலை பற்றித் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களையும் பாருங்கள். 5 என்ற எண்ணுள்ள வரிசையில் கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், 197-இல் படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள், 199-இல் கேபிள் வழியாக வந்த பிழைகள். இந்த மூன்றும் சுழியாக இருக்க வேண்டும். சில மென்பொருள்கள் அவற்றைப் பதினாறின் அடிமான எண்ணில் காட்டும். பத்தின் அடிமானத்துக்கு மாற்றிப் படியுங்கள்.

பதில்: அம்மாபேட்டை ஒளி

ஐயா, அக்கா, அண்ணா, மூவருக்கும் நன்றி. நீங்கள் கேட்டது போலவே சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடுகிறது. கணினிப் பெட்டி அதே சுவரை ஒட்டிய பலகை மேல் இருந்தது. ஒரு பெரிய வீடியோக் கோப்பை நகலெடுத்துப் பார்த்தேன். தறி ஓடும்போது நொடிக்கு 110 எம்பி அளவில் ஏறி இறங்கியது. தறி நின்ற பிறகு 145 எம்பியில் சீராக நின்றது. பெட்டியை எதிர்ச் சுவர்ப் பக்கம் நகர்த்தித் தரையில் ரப்பர் விரிப்பின் மேல் வைத்துவிட்டேன். ஸ்மார்ட் விவரத்தில் 197-ம் 199-ம் சுழி. 5-ஆம் வரிசையில் 16 என்று வருகிறது. மூன்றாவது கேமராவுக்குப் பிராக்ஸி போட்டுப் பார்த்தேன், டைம்லைன் தடங்கலின்றி ஓடுகிறது.

ரெய்டு எண்ணத்தை விட்டுவிட்டேன். விண்டோஸுக்கு 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், மூலக் கோப்புகளுக்குப் புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்றும் வாங்கலாம் என்று இருக்கிறேன். விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு மாற்ற முடியுமா? பழைய டிஸ்கை எதற்குப் பயன்படுத்துவது?

பதில்: கணினி ஆய்வகம் (சூரமங்கலம்)

நல்ல முடிவு தம்பி. எச்81 போர்டில் நான்கு சாட்டா போர்ட்டுகள் இருக்கும். அவற்றில் இரண்டுதான் நொடிக்கு 6 கிகாபிட், மற்ற இரண்டும் 3 கிகாபிட். எஸ்எஸ்டியை 6 கிகாபிட் போர்ட்டில் செருகுங்கள். போர்டில் அச்சிட்டிருக்கும் பெயரை டார்ச் அடித்துப் பார்த்துச் செருகுவது நல்லது. தவறிச் செருகினால் 550 எம்பி வரக்கூடிய இடத்தில் 280 எம்பியில் நின்றுவிடும். பயாஸில் சாட்டா முறை (டிஸ்க்கோடு மதர்போர்டு பேசும் விதம்) ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐடிஇ என்று இருந்தால் அதை மாற்றியவுடன் இப்போதுள்ள விண்டோஸ் திறக்காமல் போகலாம்; அந்த நிலையில் எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே எளிது.

மாற்றுவதற்கு முன் வீடியோக்கள் அனைத்தையும் புதிய ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடுங்கள். பழைய டிஸ்கில் விண்டோஸும் மென்பொருள்களும் மட்டும் மிஞ்சினால் அது 500 ஜிபிக்குள் அடங்கிவிடும். குளோன் செய்யும் மென்பொருள் அதை அப்படியே எஸ்எஸ்டிக்குக் கொண்டுபோகும். முதல் முறை எஸ்எஸ்டியிலிருந்து திறக்கும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள், இல்லையென்றால் எதிலிருந்து திறந்தது என்றே குழப்பமாகிவிடும். பிராக்ஸிகளையும் எடிட்டிங் மென்பொருளின் கேஷ் (தற்காலிக) கோப்புகளையும் எஸ்எஸ்டியில் வையுங்கள். ஒரு திருமணம் முடிந்து கொடுத்தவுடன் அவற்றை அழித்துவிட்டால் இடம் போதும்.

பழைய டிஸ்கில் 16 செக்டர்கள் ஏற்கனவே மாற்றி ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இந்த டிஸ்கைத்தான் ஸ்ட்ரைப்பில் ஒரு பாதியாகப் போட இருந்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த எண் ஏறாமல் இருக்கும்வரை, மூலக் கோப்புகளின் இரண்டாவது நகலுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். எந்தக் கோப்பின் ஒரே நகலும் அதில் இருக்கக் கூடாது. மாதம் ஒரு முறை எண்ணைப் பாருங்கள், ஏறினால் அன்றே மாற்றிவிடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நான்காம் தலைமுறை ப்ராசஸர் விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலிலும் இல்லை. ஆகவே இந்தக் கணினிக்குள் மேலும் அதிகப் பணம் போட வேண்டாம். எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்கும் நாளை வாங்கும் கணினிக்கு அப்படியே போகும். ரெய்டு கார்டுக்குக் கொடுத்திருந்தால் அந்தப் பணம் இதோடு நின்றிருக்கும்.

பதில்: சேர்வராயன் மலை (ஏற்காடு)

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இரண்டாவது நகல் இருக்கும் டிஸ்கைக் கணினிக்குள்ளேயே மாட்டி வைக்காமல், யுஎஸ்பி பெட்டியில் போட்டு, நகலெடுக்கும் நேரத்தில் மட்டும் செருகி எடுத்துவிடுங்கள். எங்கள் மலையில் கோடை இடி இறங்கும்போது ஒரே பெட்டிக்குள் இருந்த எல்லா டிஸ்குகளும் மதர்போர்டோடு சேர்ந்து போனதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பக்கம் மின்சாரம் போய்த் திரும்பும்போது வரும் ஏற்ற இறக்கத்திலும் அதே ஆபத்து உண்டு. யுபிஎஸ் இருந்தாலும் செருகியே வைக்காதீர்கள். ரேம் கூட்ட நினைத்தால் எச்81 போர்டில் இரண்டு ஸ்லாட்டுகளுக்கும் சேர்த்து 16 ஜிபிதான் உச்சம். ஏற்கனவே இருப்பது ஒரே 8 ஜிபி துண்டாக இருந்தால், அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 வாங்கிப் போட்டால் போதும்.